கத்தரிப்பூ நிற விடைகள்

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனாலும் நெடுங்கேணிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்த நாட்களில், இணையம் எட்டியும் பார்க்காத ஊரில் இருந்துகொண்டு, கணிதம் பழகுவதற்கு ஓர் இணையத்தளம் செய்தவள் நான். இதைச் சொன்னால் கணினி படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் செய்ததை வைத்து யாராவது ஒருவர் பரீட்சையில் சித்தியடைந்திருந்தால் வந்து என்னோடு கதைக்கட்டும்.

போர் நின்று சமாதானம் வந்து இரண்டாம் வருடம் அது. பாதை திறந்து வவுனியாவுக்கு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர் சிலர் சேர்ந்து பாடசாலைக்கு ஒரு கணினி அனுப்பினார்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றி, கடைசியில் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே அது வந்து சேர்ந்தது. அதிபர் அதை நூலக அறையில் வைத்து, மேலே பூப்போட்ட மேசைத்துணியைப் போர்த்து, அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மூன்று மாதம் அந்தத் துணி விலகவில்லை. தொட்டால் பழுதாகிவிடுமாம்.

"தொடாமல் வைச்சாலும் பழுதாகும் சேர். கறையான் இருக்கிற ஊர் இது" என்று நான் ஒரு நாள் சொன்ன பிறகுதான் திறப்பு என் கைக்கு வந்தது.

எனக்கு அந்த உரிமை இருந்தது. வவுனியாவில் மூன்று மாதம் கணினி படித்த சான்றிதழ் எங்கள் பாடசாலையில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் கடிதம் அடிக்கவும், அடித்த கடிதத்தைச் சுற்றிக் கரை கட்டவும் சொல்லித் தந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே ஒரு நெற் கபேயில் ஆங்கில வினாப் பக்கம் ஒன்றைப் பார்த்திருந்தேன். ஒரு கேள்வி, கீழே நான்கு விடை. விடையில் தட்டினால் சரியா பிழையா என்று உடனே சொல்லும். யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை, யாரும் சிரிப்பதில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு அக்காவின் ஞாபகம்தான் வந்தது.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் பாடசாலையில் ஆண்டு இரண்டு படிப்பித்த தொண்டர் ஆசிரியையை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவருடைய குடும்பம் யாழ் குடாநாட்டிலிருந்து தொண்ணூறாம் ஆண்டில் இடம்பெயர்ந்து வந்து, குளத்துக் காணியில் நெல் விதைத்துக்கொண்டிருந்தது. இடம்பெயர்ந்த அந்த வருடம் அவர் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்க வேண்டியவர். எழுதவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எழுதி மற்றப் பாடங்களையெல்லாம் முடித்துவிட்டார். கணிதம் மட்டும் மூன்று தரம் அவரைக் கவிழ்த்துவிட்டது.

கணிதம் இல்லாமல் நிரந்தர நியமனம் இல்லை. அலுவலகத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். வருகிற மார்கழிப் பரீட்சையில் சித்தியடைந்தால் பட்டியலில் பெயர் சேரும். இல்லாவிட்டால் வயதெல்லை தாண்டிவிடும், பிறகு எழுதியும் பயனில்லை, வகுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஒன்பது வருடம் படிப்பித்த வகுப்பு அது. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை ஒன்றை அக்காவிடம் விட்டால் ஒரு தவணைக்குள் அது வாசிக்கும். அப்படிப்பட்ட ஒருவரை ஒரு பின்னக் கணக்கு வீட்டுக்கு அனுப்பப் போகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் ஆண்டு பதினொன்று கணித வகுப்பில் வந்து இருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "அதைமட்டும் சொல்லாதேங்கோ ரீச்சர். அதுகள் என்னட்டை 'அ' எழுதப் பழகினதுகள். அதுகளுக்கு முன்னாலை நான் பிழை விடேலாது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிழை விட்டாலும் யாருக்கும் தெரியாத ஓர் இடம் அவருக்கு வேண்டியிருந்தது.

அப்படித்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். மின்சாரம் கிடையாது. பாடசாலை விட்ட பிறகு இரண்டு மணித்தியாலம், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர். கடிதம் அடிக்கிற அதே மென்பொருளில் ஒரு கேள்வியை அடித்து, இணையப் பக்கமாகச் சேமித்துக்கொள்ளலாம் என்று நானே தட்டித் தடவிக் கண்டுபிடித்தேன். ஒரு சொல்லைத் தெரிவுசெய்து அதற்குத் தொடுப்புப் போட்டால், அதைத் தட்டும்போது இன்னொரு பக்கம் திறக்கும். எனக்கு இவ்வளவும் போதும். கேள்விக்கு ஒரு பக்கம். சரியான விடையைத் தட்டினால் அடுத்த கேள்வி. பிழையான மூன்று விடைக்கும், சிவப்பு எழுத்தில் "பிழை. திரும்பச் செய்க" என்று சொல்லும் பக்கம். ஒரு தொகுதிக்கு இருபது கேள்வி. அப்படியானால் அறுபது பிழையான விடை. அறுபதுக்கும் அறுபது பக்கம் செய்ய நான் என்ன விசரியா? தொகுதிக்கு ஒரே ஒரு பிழைப் பக்கத்தைச் செய்து அறுபது விடையையும் அதற்கே தொடுத்துவிட்டேன். இந்தச் சிக்கனத்தை நினைத்து எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

முடித்ததும் முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை நானே ஓடிப் பார்த்தேன். இருபதுக்கு இருபது. கணித ரீச்சர் பிழை விடலாமா? நெற் கபேயில் பழகியபடி, பார்த்த பக்கங்களின் தடத்தையெல்லாம் கணினியிலிருந்து அழித்துவிட்டு எழும்பினேன். ஒவ்வொரு தொகுதியையும் இப்படித்தான் பரிசோதித்தேன். ஒரு தரமாவது பிழையான விடையில் தட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா முதல் நாள் மவுஸைப் பிடித்தது, கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல. அரை மணித்தியாலத்தில் பழகிவிட்டார். புள்ளி எண்ணுவதற்கு என் தளத்துக்குத் தெரியாது. ஆகவே பிழை வரும்போதெல்லாம் கொப்பியில் ஒரு புள்ளடி போடச் சொன்னேன். நான் பக்கத்தில் இருந்தால் அவருக்குக் கூச்சம். அதனால் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் கொப்பி திருத்தினேன்.

முதல் தொகுதி முடிந்து வெளியே வந்தபோது கொப்பியில் இரண்டே இரண்டு புள்ளடி. அடுத்த கிழமை ஒன்று. அதற்கடுத்த கிழமையும் ஒன்று. அந்த ஒன்றும் எப்போதும் முதலாம் கேள்வியிலோ இரண்டாம் கேள்வியிலோதான். தொடக்கத்தில் பதற்றம், பிறகு கை வந்துவிடுகிறது என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். அதிபரிடம் போய், "சேர், அக்காவின்ரை பேரைப் பட்டியல்லை இப்பவே எழுதி வையுங்கோ" என்று சொல்லாத குறை. சொல்லாத குறை என்ன, சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு நாள் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "ரீச்சர், கொப்பியிலையும் செய்து பார்க்க வேணுமோ? செய்கை காட்டி எழுதவெல்லோ வேணும் சோதினையிலை."

"பத்தொன்பது எடுக்கிற ஆளுக்கு என்னத்துக்குக் கொப்பி? வாற கிழமை அடுத்த தொகுதி தாறன்" என்றேன்.

அவர் கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார். இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

கார்த்திகை மழைக்கு ஜெனரேற்றர் நின்றுவிட்டது. அடுத்த தொகுதியைத் திரையில் காட்ட முடியாது என்பதால், கேள்விகளை மட்டும் தாளில் கையால் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். கீழே நான்கு விடையையும் எழுத எனக்கு அலுப்பு, பஞ்சி. ஒரு மணித்தியாலம் கழித்துத் தாளைத் தந்தார். திருத்தினேன். இருபதில் நான்கு சரி. நான் பிழையாகத் திருத்திவிட்டேனோ என்று இரண்டாம் தரமும் திருத்தினேன். அப்போதும் நான்குதான். பரீட்சைக்கு மூன்றரைக் கிழமை இருந்தது.

"என்னக்கா இது? சுகமில்லையோ?"

அக்கா குனிந்துகொண்டே சொன்னார். "தாளிலை நிறமில்லைத்தானே ரீச்சர்."

"என்ன நிறம்?"

"கொம்பியூட்டரிலை பிழையான விடை எல்லாம் கத்தரிப்பூ நிறத்திலை வருமே. நீலமாய்க் கிடக்கிறதுதான் சரி. முதல் ஒரு பிழை விட்டால் போதும். பிறகு எல்லாக் கேள்வியிலையும் காட்டும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் நிறம் ஒண்டும் வைக்கேல்லையே" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் எனக்கெண்டு வைச்சதெண்டெல்லோ நினைச்சன். ஏலாத பிள்ளையளுக்கு நாங்கள் சரியான படத்துக்குப் பக்கத்திலை பென்சிலாலை மெல்லிசாய் ஒரு புள்ளி வைச்சு விடுறனாங்கள்தானே. அப்பிடித்தான் எனக்கும், ஒரு பிழை விட்டவுடனை இரக்கப்பட்டு நிறம் காட்டுதெண்டு நினைச்சனான்."

"அப்ப ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? எனக்கு ஏலாதெண்டு தெரிஞ்சபடியால்தானே வைச்சனீங்கள். அதை வாயாலை வேறை கேக்கவோ?"

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. இரண்டு மாதமாக ஒவ்வொரு கிழமையும் அந்தக் கதிரையில் இருந்து, தனக்கு ஏலாது என்று நான் முடிவு கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டே, மரியாதைக்காக ஒன்றும் பேசாமல் நீலத்தைத் தட்டியிருக்கிறார். நானோ வெளியில் இருந்து என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் நெல் மில்லில் வேலை செய்த ஒருவர் வந்து ஜெனரேற்றரின் பிளக்கைக் கழற்றித் துடைத்து இயக்கித் தந்தார். நான் கணினியின் முன் இருந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, வேண்டுமென்றே பிழையான விடையைத் தட்டினேன். சிவப்பு எழுத்தில் என் பக்கம் வந்தது. பின்னுக்குப் போய்க் கேள்விப் பக்கத்தைப் பார்த்தேன். மூன்று விடை கத்தரிப்பூ நிறம், ஒன்று நீலம். அடுத்த கேள்வியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒரு தரம் திறந்த பக்கத்துக்குப் போகும் தொடுப்பெல்லாம் நிறம் மாறும். அது அந்தக் கணினியின் பழக்கம். நான் அறுபது விடையையும் ஒரே பக்கத்துக்குத் தொடுத்திருந்தேன். ஆகவே ஒரு பிழையோடு அறுபதும் காட்டிக் கொடுத்துவிட்டன. என் சிக்கனம்தான் அக்காவின் இரண்டு மாதத்தைத் தின்றது.

நிறத்தை மாற்ற எங்கேயாவது ஒரு வழி இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஒவ்வொரு பிழையான விடைக்கும் தனித்தனிப் பக்கம். விசரி செய்கிற வேலை என்று முன்பு நினைத்ததைச் செய்ய உட்கார்ந்தேன். "பிழை. திரும்பச் செய்க" என்பதைப் படியெடுத்துப் படியெடுத்துச் சேமிக்கத் தொடங்கினேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. அறுபது பக்கம் செய்யிறியள். அறுபதிலையும் பிழையெண்டு மட்டுந்தானோ சொல்லப்போறியள்? ஏன் பிழையெண்டு சொன்னால் என்ன?"

"ஏன் பிழையெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆர் அப்பிடிச் செய்வினம்?"

"நான் செய்வன்" என்றார்.

சொன்னது விளையாட்டுக்கல்ல. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். என் முதல் கேள்வி, அரையும் மூன்றிலொன்றும் கூட்டினால் எவ்வளவு என்பது. நான் வைத்திருந்த பிழையான விடைகள் ஏழு, பன்னிரண்டு, நூறு. வாய்க்கு வந்த எண்கள். அக்கா சிரித்தார். "இதை ஒரு மொக்கனும் தட்டமாட்டான். ஐந்திலிரண்டு எண்டு போடுங்கோ. மேலையும் கூட்டி, கீழையும் கூட்டி. நான் மூண்டு சோதினையிலையும் அப்பிடித்தான் எழுதினனான்."

ஐந்திலிரண்டு என்று போட்டேன். அதற்குரிய பக்கத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தோம். கடைசியில் அக்காதான் சொன்னார், நான் அடித்தேன்: "உங்களிடம் அரை மூடை நெல் இருக்கிறது. அதற்குள் இன்னும் மூன்றிலொரு மூடை கொட்டுகிறீர்கள். ஐந்திலிரண்டு என்பது அரை மூடையிலும் குறைவு. கொட்டக் கொட்ட நெல் குறையுமா?" அடித்து முடித்ததும் அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட, குறையாதுதானே" என்றார். பதின்மூன்று வருடமாக அவரை வீழ்த்திய கணக்கு அந்த இடத்தில் விழுந்தது.

அதன் பிறகு வேலை சூடுபிடித்தது. குளத்தில் இருபது அடித் தண்ணீர் பத்து வீதத்தால் கூடி, பிறகு பத்து வீதத்தால் குறைந்தால் எவ்வளவு? "கூடினதும் பத்து, குறைஞ்சதும் பத்து. அப்ப இருபதுதானே?" என்றார் அக்கா. அதையே பிழையான விடையாகப் போட்டோம். கூடியபின் இருபத்திரண்டு, குறைவது அந்த இருபத்திரண்டில் பத்து வீதம் என்று அந்தப் பக்கத்துக்கு எழுத, முதலில் அவர் கொப்பியில் செய்கை செய்து பார்க்க வேண்டியிருந்தது. விளங்காமல் எழுத அவர் விடமாட்டார். எனக்குத்தான் விளங்குகிறதே, அடித்துவிட்டுப் போவோம் என்றால், "எனக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்காட்டில் படிக்கிற ஆளுக்கும் விளங்காது" என்பார். கணிதத்தில் நான் ஒரு நாளும் தவறியதில்லை. ஆகவே எந்த இடத்தில் தவறுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்கு ஒவ்வொரு பள்ளமும் தெரியும்.

மூன்று கிழமையில் இரண்டு தொகுதியைத்தான் முடிக்க முடிந்தது. நாற்பது கேள்வி, நூற்றிருபது பிழை. அந்தப் பக்கங்கள் இன்று என்னிடம் இல்லை. பிறகு வந்த இடப்பெயர்வில் கணினியும் போயிற்று, நான் எடுத்து வைத்த பிரதியும் போயிற்று. அதனால் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கலாம். நூற்றிருபதில் ஒன்றையும் நான் கூட்டவில்லை.

பரீட்சை அன்று விடாத மழை. மண்டபம் இருந்த பாடசாலைக்கு அக்காவின் தம்பியார் உழவு இயந்திரத்தில் கொண்டுபோய் இறக்கினார். முடியும் நேரத்துக்கு நான் சைக்கிளில் போய் வாசல் படலையில் நின்றேன். பிள்ளைகளோடு பிள்ளையாகக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னக்கா, எப்பிடி?"

"கன கணக்கு விளங்கினது. கொஞ்சம் விட்டனான். ஒரு கணக்கிலை பழைய பிழையை எழுதிப்போட்டு, பிறகு வெட்டினனான்."

"பாஸோ?"

"அது தெரியாது ரீச்சர். ஆனால் நிறமில்லாமல் செய்தனான்."

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து பெறுபேறு வந்தது. அதிபர் அலுவலகத்திலிருந்து தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அக்கா கிட்ட வரவில்லை, ஆண்டு இரண்டு வகுப்பில்தான் நின்றார். நான் சுட்டெண்ணைத் தேடி விரலை வைத்துக் குறுக்கே இழுத்தேன். கணிதம், சாதாரண சித்தி. மிகக் கீழான சித்தி அது. எனக்கு அது போதாதா? விறாந்தை முழுக்க ஓடினேன். வகுப்பு வாசலில் நின்று, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து, "அக்கா, பாஸ்!" என்று கத்தினேன். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டின. அக்கா வெண்கட்டியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

நியமனக் கடிதம் வர ஆறு மாதம் ஆனது. எங்கள் பாடசாலைக்கே வந்தது. தொண்டர்கள் கையெழுத்து வைப்பதற்கு அதிபரின் மேசை ஓரத்தில் ஒரு மொனிற்றர் கொப்பி, பிள்ளைகள் எழுதுகிற சாதாரணக் கோட்டுக் கொப்பி, கிடக்கும். நிரந்தர ஆசிரியர்களின் வரவுப் புத்தகம் வேறு, தடித்த மட்டை போட்டது. கடிதம் வந்த மறுநாள் அக்கா எல்லோருக்கும் முதல் வந்து, பழக்க தோஷத்தில் கொப்பியை விரித்திருக்கிறார். அதிபர் அதை மூடி, தடித்த புத்தகத்தை அவர் முன்னால் நகர்த்தினாராம். அவருக்கு அடுத்ததாக ஓடிவந்தது நான்தான். அன்றைய பக்கத்தில் முதலாவதாக அக்காவின் கையெழுத்து இருந்தது. முழுப் பெயரையும், ஆண்டு இரண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது போல, ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருந்தார். கட்டத்துக்குள் அடங்காமல் அது அடுத்த வரியிலும் பாதியைப் பிடித்திருந்தது. அது நான் கையெழுத்து வைக்க வேண்டிய வரி. மிச்சம் இருந்த இடத்தில் என் பெயரைச் சின்னதாக எழுதிவிட்டு வகுப்புக்குப் போனேன்.